சுக்கான்ல ஓடுற ஜீப்புக்கு ஏத்த டயர்

டயர் கடைக்குச் சிரிச்சுக்கிட்டே வர்ற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. துணிக்கடைக்குப் போறவங்க முகத்தைப் பாருங்க, நகைக்கடைக்குப் போறவங்க முகத்தைப் பாருங்க, அப்புறம் எங்க கடை வாசல்ல வந்து நிக்கிறவங்க முகத்தையும் ஒரு தடவை பாருங்க. பல்லைப் பிடுங்க வந்த மாதிரி நிப்பாங்க. தேய்க்கிறதுக்குன்னே காசு கொடுத்து வாங்குற பொருள் உலகத்துல ரெண்டுதான், ஒண்ணு செருப்பு, இன்னொண்ணு டயரு. நீங்களும் ஒரு நாள் உச்சி வெயில்ல, ஸ்டெப்னியிலயும் காத்து இல்லாம, ரோட்டோரமா நின்னுக்கிட்டு போற வர்ற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டியிருப்பீங்க. அப்ப நாம எல்லாரும் ஒரே கட்சிதான். உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

எங்க கடை பெரம்பலூர்ல அரியலூர் ரோட்டுல இருக்கு. புது கார் டயரெல்லாம் எல்லாக் கடையிலயும் கிடைக்கும். பழைய ஜீப்புக்கு டயர் தேடி நாலு கடை ஏறி இறங்குனவங்கதான் அஞ்சாவதா எங்ககிட்ட வருவாங்க. இந்தப் பக்கம் பழைய ஜீப்பு நிறைய. வெங்காயக் காட்டுல ஒண்ணு, முந்திரித் தோப்புல ஒண்ணு, சுண்ணாம்புக்கல் வெட்டுற மைன்ஸ்ல ஒண்ணுன்னு ஓடிக்கிட்டுதான் இருக்கு. முப்பது வருஷ வண்டியா இருக்கும், கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பாங்க, ஆனா டயரு மட்டும் நேத்து பொறந்ததா வேணும்பாங்க.

ஓனர் இல்லையா?

நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் நாகப்பட்டினம் பக்கம், கடலோரம். எங்கப்பாவுக்குப் படகு. கல்யாணமாகி இங்க வந்த கொஞ்ச நாள்லயே எங்க வீட்டுக்காரர் கதிரவன் இந்தக் கடையை எடுத்தாரு. அவரு இந்த ஊர்க்காரரு. அவருக்குக் கைதான் பேசும், வாய் பேசாது. எனக்கு நேர்மாறு. அதனால அவரு டயரைக் கழட்டி மாட்டுவாரு, நான் மேசையில உட்கார்ந்து எந்த வண்டிக்கு எந்த டயருன்னு சொல்லுவேன். புத்தகத்தைப் படிச்சு, கம்பெனிக்காரங்களைக் குடைஞ்சு குடைஞ்சு கேட்டு, நானா கத்துக்கிட்ட தொழிலு. எங்க ரெண்டு பேருக்கும் இதுல ஒரு தகராறும் கிடையாது. வர்ற ஆளுங்களுக்குத்தான் இது செரிக்காது.

ஒரு நாள் வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டையில ஒருத்தர் வந்தாரு. என்னைப் பார்த்தாரு. எனக்குப் பின்னாடி இருந்த சுவத்தைப் பார்த்தாரு. ஓனர் இல்லையான்னாரு. நான்தாங்க, சொல்லுங்கன்னேன். "அதில்லம்மா, டயரு பத்திக் கேக்கணும்"னாரு. அப்ப நான் இங்க உட்கார்ந்து என்ன இட்லியா விக்கிறேன்? வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிக்கிட்டேன். அவரு நேரா கதிரவன்கிட்ட போயி, ரெண்டு டயரையும் தட்டித் தட்டிப் பார்த்து, இதுல எது தம்பி நல்லதுன்னு கேட்டாரு. கதிரவன் ஜாக்கிகிட்டேர்ந்து தலையைத் தூக்காமலே சொன்னாரு: "அதெல்லாம் ஓனரம்மாவைக் கேளுங்க சார், நான் மாட்டுறதோட சரி."

போட்டோ ஜீப்பு

ஜெயங்கொண்டத்துலேர்ந்து ஒரு தம்பி வந்தான். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு, இவனுக்கு ஏலத்துல எடுத்த பழைய ஜீப்பு. யானைக்கால் மாதிரி அகலமா டயரு வேணும்னான். "தம்பி, இந்த ஜீப்புக்கு ஒல்லி டயருதான் கணக்கு. அகலமாப் போட்டா ஸ்டேரிங் இறுகிக்கும், வளைவுல டயரு உள்ள போயி உரசும், பெட்ரோல் குடிக்கும்"னு அரை மணி நேரம் தொண்டைத்தண்ணி வத்தச் சொன்னேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு அகல டயரையே கையைக் காட்டுனான். வளைக்க முடியாதுடான்னு கடைசியா ஒரு தடவை கத்திப் பார்த்தேன். அவன் நிதானமா செல்போனை எடுத்துக்கிட்டே சொன்னான்: "வளைக்கிறதுக்கா அக்கா வாங்குனேன், கங்கைகொண்ட சோழபுரத்துல கோயில் தெரியுற மாதிரி நிறுத்தி போட்டோ எடுக்கத்தானே வாங்குனேன்."

நாலு டயரு, நாலு ஜாடை

மருதமுத்து அண்ணனும் அவரு சம்சாரம் தனம் அக்காவும் வந்தது நான் இங்க வந்த ரெண்டாவது வருஷம். அவங்க ஊரு செந்துறை போற வழியில. ஆலத்தியூர் பக்கம் ஒரு மைன்ஸ்ல வேலை செய்யுற அறுபது பேருக்கு மத்தியானச் சாப்பாடு இவங்கதான். அக்கா சமைக்கும், அண்ணன் பழைய ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயி இறக்குவாரு, ரெண்டு பேருமாப் பரிமாறிட்டு வருவாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கூலி வேலைக்குப் போயிட்டு இருந்தவங்க. சொந்தமா ஒரு வேலைன்னு கைக்குக் கிடைச்சது இதுதான். அந்த ஜீப்பைப் பார்க்கணுமே! நாலு சக்கரத்துல நாலு விதமான டயரு. ஒண்ணு மொட்டை, ஒண்ணு அரை மொட்டை, ஒண்ணு ஒட்டுப் போட்டது, ஒண்ணு எதுன்னே தெரியலை.

பன்னெண்டரைக்கு சாப்பாடு இறங்கணும். போற வழியில டயரு போயி ரெண்டு தடவை ரெண்டரை மணிக்கு இறங்கியிருக்கு. கல்லு வெட்டுற ஆளுங்க ரெண்டு மணி நேரம் பட்டினி. இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற ஆளு பார்த்துக்குறேன்னு அங்க இருக்கிற சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. அண்ணன் ஒட்டுப் போட்ட டயரைத் தொட்டுக் காமிச்சாரு. "எல்லாம் சுக்கான் பண்ற வேலைம்மா. டயரு ஓரத்தைக் கிழிச்சுப்புடுது"ன்னாரு.

சுக்கானா? எனக்கா தெரியாது சுக்கான்! எங்கப்பா படகுல பின்னாடி தொங்குற கட்டைதானே, படகைத் திருப்புறதே அதுதானே. பரவாயில்லையே, இந்த ஊர்ல ஸ்டேரிங்குக்கு எவ்வளவு அழகாத் தமிழ்ல சொல்றாங்கன்னு எனக்கு ஒரே பூரிப்பு. ஸ்டேரிங் கோணலா இருந்தா டயரு ஓரம் தேயும், அது எந்தக் குழந்தைக்கும் தெரியும். கதிரவனைக் கூப்பிட்டு, "ஏங்க, ஸ்டேரிங் இழுக்குதாம், அலைன்மென்ட் பாருங்க"ன்னேன். அவரும் பார்த்தாரு, கொஞ்சம் இழுக்கத்தான் செஞ்சுது. முப்பது வருஷ ஜீப்பு இழுக்காம என்ன பண்ணும்? பாதித் தூரம் தார் ரோடுங்கிறதால, குலுங்காம போற ரேடியல் டயரா, மெத்துன்னு இருக்கிறதா நாலு போட்டுவிட்டேன். அந்த வகையில பக்கச் சுவர் மெல்லிசா இருக்கும். ஆனா குழம்பு தளும்பாது பாருங்கன்னு பெருமையா வேற சொன்னேன். தனம் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துச்சு: "தளும்புனாலும் பரவால்ல தங்கச்சி, நேரத்துக்குப் போவலைன்னா சாம்பார் ஆறிடும், ஆளுங்க சூடாயிருவாங்க."

தேயாத டயரு

நடுவுல இன்னொரு ஜீப்பு. குரும்பலூர்ல ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையரான சார். ஜீப்பை வெங்காயக் காட்டுக்கு மட்டும் எடுப்பாரு. டயர்ல ரோட்டைப் பிடிக்கிற பட்டனெல்லாம் அப்படியே புதுசா இருக்கு, சும்மா காத்து பிடிக்கத்தான் வந்தாரு. நான் குனிஞ்சு பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்கத்தைப் பார்த்தேன். முதல் ரெண்டு இலக்கம் எந்த வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம். அதுதான் டயரோட பொறந்த நாள். கணக்குப் போட்டா பத்து வயசு தாண்டியிருக்கு. ஓரமெல்லாம் வறண்ட வயல் மாதிரி பொடிப்பொடியா வெடிப்பு.

"சார், இது தேயலை, ஆனா ரப்பர் செத்துப்போச்சு. வேகமாப் போகும்போது வெடிக்கும், மாத்திடுங்க"ன்னேன். தேயவே இல்லையேம்மான்னாரு. தேய்மானம் வேற, வயசு வேற சார்னு நான் அவருக்கே பாடம் நடத்துனேன். அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு சொன்னாரு: "நல்லா ஓடிக்கிட்டு இருந்த என்னையும் இப்படித்தாம்மா வயசைச் சொல்லி வூட்டுக்கு அனுப்புனாங்க, சரி, மாட்டு."

அதுபாட்டுக்குக் கெடக்கு

பத்து நாள் கூட ஆகலை, மருதமுத்து அண்ணன் மறுபடியும் வந்து நிக்கிறாரு. புது டயரு. பக்கவாட்டுல கத்தி வச்சுக் கீறுன மாதிரி ஒரு கிழிசல். சாப்பாடு லேட்டாச்சான்னுதான் முதல்ல கேட்டேன். இல்லம்மா, நல்ல வேளை, இறக்கிட்டு சும்மா திரும்பி வரும்போதுதான் கிழிஞ்சுதுன்னாரு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேசுனதை யாராவது கேட்டிருந்தா, ரெண்டையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்க. "சுக்கான் இன்னும் சரியாவலையா அண்ணே?"ன்னேன். "அது எப்படிம்மா சரியாவும்? அதுபாட்டுக்குக் கெடக்கு"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கழண்டு கெடக்குதான்னு கேட்டேன். "கழண்டும் கெடக்கு, பேந்தும் கெடக்கு, வழி பூரா அதாம்மா"ன்னாரு. ஸ்டேரிங்கை வழி பூரா உதிர்த்துக்கிட்டே ஒரு மனுஷன் எப்படி வண்டி ஓட்டுவாரு? சரி, பயத்துல உளர்றாருன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு, காசு வேணாம், இன்னொரு தடவை அலைன்மென்ட் பார்த்துத் தர்றேன், கிழிஞ்சதுக்கும் வேற போட்டுத் தர்றேன்னேன். இனிமே சுக்கான் தொந்தரவே இருக்காதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வேற. அவரு பரிதாபமா என்னைப் பார்த்துட்டு சொன்னாரு: "சுக்கானை நீங்க எப்படிம்மா மாத்துவீங்க, அது பூமி பொறந்தப்பவே பொறந்தது."

சோத்துல சிரிப்பு

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது கதிரவன்கிட்ட புலம்புனேன். "அந்த அண்ணன் ஜீப்புல சுக்கான் சரியில்லைன்னு ரெண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தாச்சு, சரியாவும்னு ஒரு நம்பிக்கையே இல்லை அவருக்கு. பூமி பொறந்தப்பவே பொறந்ததாம்ல ஸ்டேரிங்கு!" அவரு கையில எடுத்த சோறு அப்படியே நின்னுச்சு. சுக்கான்னா சொன்னாருன்னு கேட்டாரு. ஆமான்னேன். அவ்வளவுதான், புரைக்கேறிப்போச்சு மனுஷனுக்கு. தலையில தட்டுனேன், தண்ணி கொடுத்தேன், சிரிப்பு அடங்கவே இல்லை. அப்புறம் சொன்னாரு, சுக்கான்னா இந்தப் பக்கம் கல்லாம். மண்ணுக்குள்ள வெள்ளையா முண்டு முண்டா கெடக்குற சுண்ணாம்புக்கல்லு. வண்டி ஏறி உடைஞ்சா விளிம்பு பிளேடு மாதிரி நிக்குமாம்.

"ஏன்யா இதை முன்னாடியே சொல்லலை?"ன்னு அவரு மேல பாய்ஞ்சேன். ஸ்டேரிங்னுதானே நீ சொன்னே, சுக்கான்னு எப்ப சொன்னேன்னாரு. உண்மைதான். அந்த வார்த்தையை நானே எனக்குத் தெரிஞ்ச மாதிரி மாத்தி, அவரு காதுக்கே போவாம பண்ணிட்டேன். எனக்கு வெட்கத்துல சோறு இறங்கலை. பிளேடு மாதிரி கல்லுல ஓடுற வண்டிக்கு, பக்கச் சுவர் மெல்லிசா இருக்கிற டயரைத் தேடி எடுத்து மாட்டியிருக்கேன். அடுத்த கிழிசல் போற வழியில விழுந்தா அந்தக் குடும்பத்துக்கு வேலை போச்சு. அதுக்குக் காரணம் நான், என் வாயி. கண்ணு கலங்கிருச்சு. கதிரவன் சிரிப்பை நிறுத்திட்டு, என் தட்டுல ரசத்தை ஊத்திக்கிட்டே சொன்னாரு: "நீ சொன்னதும் சுக்கான்தான், அவரு சொன்னதும் சுக்கான்தான், டயருக்குத்தான் ரெண்டும் தெரியலை."

பிரிமணை

இன்னொரு தடவை கண்ணை மூடிக்கிட்டு டயரு சொல்ல மாட்டேன், பாதையை நேர்ல பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்னு கதிரவனைக் கடையில விட்டுட்டு மறுநாள் காலையில பஸ் ஏறிட்டேன். அண்ணன் வூட்டுக்குப் போயி நடந்ததைச் சொன்னேன். அவரு சிரிக்கலை, கோபப்படவும் இல்லை, "அதானே பார்த்தேன்"னாரு, அவ்வளவுதான். தனம் அக்காதான் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. பதினொண்ணே முக்காலுக்கு ஜீப்பு கிளம்புச்சு. முன்னாடி அண்ணனும் நானும், பின்னாடி அக்காவும் சோத்து அண்டாவும் சாம்பார், ரசம், மோர்க் குடமும். முதல்ல கரிசல் வண்டிப்பாதை. மழை பெஞ்சா இது டயர்ல அப்பிக்கிட்டு விடாதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. நடுவுல தார் ரோடு. கடைசி ரெண்டு மைலு சுக்கான். வெள்ளை வெளேர்னு கூசுது, கீழ கல்லு சலசலன்னு உடையுது.

பன்னெண்டு மணி பத்து நிமிஷம். டப்புன்னு ஒரு சத்தம், பின்னாடி வலது பக்கம் ஜீப்பு உட்கார்ந்துருச்சு. என் கண்ணு முன்னாடியே, நான் மாட்டுன டயரு! மருதமுத்து அண்ணன் ஸ்டேரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாரு. போச்சும்மான்னாரு. நான் குதிச்சு இறங்கி, ஸ்டெப்னி எங்க அண்ணே, எடுங்கன்னு கத்துனேன். அக்காதான் பின்னாடி காமிச்சுச்சு. அண்டா ஆடாம இருக்கிறதுக்கு, பானைக்கு வைக்கோல் பிரிமணை வைக்கிற மாதிரி, ஸ்டெப்னியைப் படுக்கப்போட்டு அதுக்கு மேல அறுபது பேரு சோத்தைத் தூக்கி வச்சிருக்காங்க!

மூணு பேருமா மூச்சைப் பிடிச்சு அண்டாவை நகர்த்துனோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நான் ஸ்பேனரைப் போட்டேன். நட்டு அசையவே இல்லை. எங்க வீட்டுக்காரர் மெஷின்ல முடுக்குன நட்டு, சாமானியத்துல வருமா? "உங்க கையில இடி விழ"ன்னு பெரம்பலூர் திக்கைப் பார்த்துத் திட்டிக்கிட்டே ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிச்சேன். ஒவ்வொரு நட்டுக்கும் ரெண்டு குதி. சுக்கான் குத்தி முழங்கால்ல ரத்தம் வந்ததே அப்புறம்தான் தெரிஞ்சுது. ஜாக்கி போட்டு, ஸ்டெப்னியை மாட்டி முடிச்சு, அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டி, அக்காவையும் அதைக் கட்டிப் பிடிச்சுக்கச் சொன்னேன். அக்கா அண்டாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே என்கிட்ட சொல்லுச்சு: "டயரு விக்கத் தெரியுதோ இல்லையோ தங்கச்சி, நல்லா மாட்டுறே."

பன்னெண்டே முக்கால்

மைன்ஸ் கேட்டுக்குப் போகும்போது மணி பன்னெண்டே முக்கால். கால் மணி நேரம் லேட்டு. சூப்பர்வைசர் வெயில்ல நின்னுக்கிட்டு வாட்சைப் பார்க்கிறாரு. அவருக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில அறுபது பேரு தட்டோட உட்கார்ந்திருக்காங்க. அண்ணன் இறங்கவே இல்லை. சூப்பர்வைசர் மெதுவா, "மருதமுத்து, நான் சொல்லியிருந்தேன்ல?"ன்னாரு. அந்த நிமிஷம் அண்ணன் முகத்தை என்னால பார்க்க முடியலை.

நான் தப்பை ஒத்துக்குற ரகம் கிடையாது. கதிரவன்கிட்டயே இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கிட்டது இல்லை. ஆனா அன்னிக்கு இறங்கி முன்னாடி போயி நின்னேன். "சார், லேட்டானது இவங்களால இல்லை, என்னால. பெரம்பலூர்ல டயரு கடை என்னோடதுதான். இவரு சுக்கான் கிழிக்குதுன்னு சொன்னாரு. நான் நாகப்பட்டினத்துக்காரி, சுக்கான்னா ஸ்டேரிங்குன்னு நினைச்சு, ரெண்டு தடவை ஸ்டேரிங்கைச் சரி பண்ணி, கல்லுக்கு ஆகாத டயரை மாட்டி அனுப்பிட்டேன்"னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். மரத்தடியிலேர்ந்து ஒருத்தரு தட்டைக் கீழ வச்சுட்டு எழுந்திரிச்சாரு. உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசி. "ஏம்மா, அப்ப நாங்க இத்தனை வருஷமா இந்தக் குழியில ஸ்டேரிங்கையா வெட்டிக்கிட்டு இருக்கோம்?"னாரு.

எங்கேர்ந்து வந்துச்சோ அந்தச் சிரிப்பு, அறுபது பேரும் சிரிச்சாங்க. பசியில இருக்கிற ஆளுங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. அக்கா முந்தானையால வாயை மூடிக்கிட்டுச் சிரிக்குது, அண்ணன் ஸ்டேரிங் மேல தலையை வச்சுக்கிட்டு சிரிக்கிறாரா அழுவுறாரான்னு தெரியலை. சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கழட்டி முகத்தை மறைச்சுக்கிட்டாரு, தோளு மட்டும் குலுங்குச்சு. அப்புறம் முகத்தை இறுக்கமா வச்சுக்கிட்டு சொன்னாரு: "திங்கக்கிழமைக்குள்ள டயரை மாத்திட்டு வரணும், இப்ப முதல்ல பரிமாறுங்க, எனக்கும் பசிக்குது."

ஜாதகம்

அன்னிக்கு வியாழக்கிழமை. மைன்ஸ்லேர்ந்து ஒரு சுக்கான் கல்லும், அண்ணன் ஊர்லேர்ந்து ஒரு கரிசல் கட்டியும் கொண்டுவந்து என் மேசையில வச்சேன். இந்த ரெண்டுக்கும் ஒத்துவர்ற டயரு எது? கல்லுக்குப் பக்கச் சுவர் தடிமனா இருக்கணும், அப்ப ரேடியல் வேணாம், பழைய நைலான் டயருதான். கரிசலுக்குப் பட்டன் பெருசா, நடுவுல இடைவெளி அகலமா இருக்கணும், அப்பத்தான் சேறு தங்காம சக்கரம் சுத்தும்போதே உதிரும். ஜீப்பு பழசு, அதனால ஒல்லியாவும் இருக்கணும். மூணும் சேர்ந்த டயரு வகை ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. ஆனா என்கிட்ட இல்லை.

வெள்ளி, சனி ரெண்டு நாளும் அவங்க ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பி, தனம் அக்கா ஜீப்புக்கு முன்னாடி நடந்து கல்லைக் காலால ஒதுக்கிக்கிட்டே போக, அண்ணன் பின்னாடி உருட்டிக்கிட்டே போயிருக்காரு. நான் திருச்சிக்குப் போன் மேல போன் போட்டேன். ஒரு கடையில, அந்த சைஸா, மியூசியத்துல கேளுங்கன்னு வச்சுட்டான். இன்னொரு கடையில இருக்குன்னாரு. எனக்கு உயிர் வந்துச்சு. டயர்ல நாலு இலக்கம் இருக்கும், படிங்கன்னேன். படிச்சாரு. ஒன்பது வருஷத்துச் சரக்கு! அது வேணாம், குடோன்ல பாருங்கன்னேன். முனகிக்கிட்டே போயி பார்த்தாரு. இன்னொரு செட்டு, ஒரு வயசு. பக்கத்துல வெடிப்பு இருக்கா, வெயில்ல வச்சிருந்தீங்களா, நாலும் ஒரே வாரத்துலதான் பொறந்ததா, பட்டன் இடைவெளியில உங்க விரல் நுழையுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அவரு பொறுமை போயி கேட்டாரு: "ஏம்மா, வாங்குறது டயரா, இல்ல மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்க்குறியா?"

பசிக்கலை

சனிக்கிழமை சாயங்காலம் பார்சல் லாரியில டயரு வந்துச்சு. ஞாயித்துக்கிழமை கடையைத் திறந்து, கதிரவன் நாலையும் மாட்டினாரு. நட்டைக் கையாலயே முடுக்கச் சொல்லி பக்கத்துலயே நின்னேன். நான் போட்ட மெத்து டயரு கிழியாம மிஞ்சுனதைத் திருப்பி எடுத்துக்கிட்டேன். அண்டாவுக்கு ஒரு நிஜப் பிரிமணையும் வாங்கிக் கொடுத்தேன். திங்கக்கிழமை பன்னெண்டரை மணிக்குக் கடையில ரெண்டு பேரு நின்னு விலை கேட்டுக்கிட்டு இருக்காங்க, எனக்கு ஒண்ணும் காதுல விழலை, கண்ணு செல்போன் மேலயே இருக்கு. பன்னெண்டே முக்காலுக்கு அண்ணன் கூப்பிட்டாரு. "பன்னெண்டரைக்கே இறக்கியாச்சும்மா"ன்னாரு. அந்த ரெண்டு பேருக்கும் அவங்க கேட்ட விலையைவிடக் குறைச்சே கொடுத்தேன்னு கதிரவன் இன்னும் சொல்லிக் காமிப்பாரு.

ஐப்பசி மழையில கரிசல் குழம்பா ஆனப்பதான் எனக்கு நிஜமான பயம். தண்ணி வண்டி சிக்கி நின்ன பாதையில ஜீப்பு சேத்தை உதறிக்கிட்டே ஏறிப்போயிருச்சுன்னு சேதி வந்துச்சு. மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு நாள் அண்ணனும் அக்காவும் கடைக்கு வந்தாங்க, கையில தூக்குவாளி. வேலையை வருஷம் பூராவுக்கும் இவங்களுக்கே எழுதிக் கொடுத்துட்டாராம் சூப்பர்வைசர். அக்கா என் கையைப் பிடிச்சுக்கிச்சு, நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன், டயரு கடையில உட்கார்ந்து அழுதா வியாபாரம் என்ன ஆவுறது? இப்ப ஒரு குறையும் இல்லையே அண்ணேன்னு கேட்டேன். மருதமுத்து அண்ணன் தலையைச் சொறிஞ்சாரு: "ஒரே ஒரு குறைதாம்மா, பன்னெண்டுக்கெல்லாம் வந்து நிக்கிறியே, எங்களுக்கு இன்னும் பசிக்கவே இல்லைன்னு திட்டுறாங்க."

ஊரு உலகத்துக்கெல்லாம் டயரு பத்திப் பாடம் எடுக்கிறேன், ஆனா உள்ளதைச் சொல்லணும்னா இந்தக் கடையில உட்கார்ந்துக்கிட்டு நான் இன்னும் தமிழ்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்.